வெள்ளைக் கையுறைப் பொத்தான்

1.

இந்தக் கதையைப் பக்கத்து மேசையிலிருந்து எடுத்தேன். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, காதில் விழுந்தது. காதில் விழுந்ததை எடுத்துக்கொள்வது திருட்டா என்று கேட்டால், காதை மூடிக்கொண்டு காப்பி குடிப்பது எப்படி என்று திருப்பிக் கேட்பேன்.

ஜப்பானின் சகாய் நகரில், டிராம் பாதை முடிவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னால் ஒரு காப்பிக் கடை. பதினொரு மணிவரை காப்பி கேட்டால் கூடவே தடித்த ரொட்டியும் அவித்த முட்டையும் வரும். முப்பத்தெட்டு வருஷமாக நான் அந்த முட்டையை உரித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு உரித்துக்கொண்டிருந்தபோது விழுந்தது இது:

“ஆளே ஏறாத நிறுத்தத்துல ஒரு பொண்ணு ஏறினாளாம். ஏறினாளா இல்லியா? எனக்கு அது தெரியணும்.”

“ஏறினா உனக்கென்ன, ஏறாட்டி உனக்கென்ன? அவளுக்கு மாப்பிள்ளையா பாக்குற?”

எனக்குக் கதை இப்படித்தான் வரும். முகம் தெரியாது, சட்டையின் நிறம் தெரியாது. பேச்சு முதலில் வந்துவிடும். பிறகு அந்தப் பேச்சுக்கு வாய் தேட வேண்டும். யாரோ ஒரு பெண் காணாமல்போய்விட்டாள் என்று நினைத்து முட்டையைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. அவள் ஒரு வீடியோ கேமுக்குள் இருக்கிறவள். இருக்கிறாளா என்பதுதான் சண்டையே.

2.

தொடக்கம் ஒன்று: “ஹிமுரோ நேர்மையான மனிதர்.”

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே நேர்மை என்று சொன்னால் மூன்றாம் பக்கத்தில் திருடனை எதிர்பார்ப்பீர்கள்.

தொடக்கம் இரண்டு: “பெருமழை பெய்துகொண்டிருந்த ஒரு—”

இல்லை. பிப்ரவரி மாதம், நல்ல வெயில். மழை என் கையிலிருந்து பெய்தது.

தொடக்கம் மூன்று, இதுவே நிற்கட்டும்: ஹிமுரோ ஒரு மாதப் பத்திரிகையில் வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறவர். வயது நாற்பத்தாறு. கடைக்குப் பின்சந்தில் மனைவி சயோகோவோடும், மாமியார் போன பிறகு இவர்களோடு வந்து சேர்ந்துவிட்ட மாமனார் நிஷிவாகியோடும் இருக்கிறார். பதினோரு வருஷமாக, ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே அவர் ஒரே ஒரு வரி போடுவார்:

*நான், தனியாக, முதலிலிருந்து முடிவுவரை ஆடினேன்.*

மற்ற விமர்சகர்கள் பாதி ஆடிவிட்டு எழுதுகிறவர்கள், அல்லது உதவியாளரை விட்டு ஆடவைக்கிறவர்கள் என்று பேச்சு. இவர் அப்படியில்லை. ஹிமுரோ ஒன்பது போட்டால் ஒன்பதாக இல்லாமலிருக்கலாம், ஆனால் ஆடாமல் போட்ட ஒன்பது இல்லை. வாசகர்கள் அவர் பக்கத்தைத் திறப்பது மார்க்குக்காக அல்ல, அந்த வரிக்காக. இந்தக் கதையில் போவதா நிற்பதா என்று ஊசலாடுவதும் அந்த வரிதான். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தேட வேண்டாம்.

3.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? இங்கேயே சொல்கிறேன்.)

காப்பிக் கடைச் சுவரில் ஹிமுரோவின் பக்கம் மாதாமாதம் குத்தப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஆணியில் கயிறு கட்டி ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. வைத்தவர் ஹிமுரோவேதான். அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் விளையாட்டுக் கூடங்களில் இப்படி நோட்டுகள் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரோடும் சண்டை போடலாம். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்: “திட்டுவதாக இருந்தால் கையெழுத்தில் திட்டுங்கள். விரலால் தட்டித் திட்டுவது சுலபம். எழுதித் திட்டினால் கை வலிக்கும், பாதியில் யோசிப்பீர்கள்.”

யோசிக்கவில்லை. கை வலித்தும் எழுதினார்கள்.

4.

அந்த கேமின் பெயர் ‘ஒற்றைப் பெட்டி’. மலைப்பாதையில் ஒரே ஒரு பெட்டி கொண்ட ரயிலை ஓட்ட வேண்டும். சுடுவது, வெட்டுவது, குதிப்பது எதுவும் கிடையாது. நிலையத்தில் நிறுத்து, ஆளை ஏற்று, கதவை மூடு, கிளம்பு. போன நவம்பரில் ஹிமுரோ எழுதியது இது:

“குளிர்காலத்தின் கடைசி நாள். யாருமே ஏறாத யூசுதானி நிறுத்தத்தில் ஒரு பெண் நிற்கிறாள். ஏறுகிறாள். ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது ஓட்டுநரின் பலகைமேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுத் தலைகுனிந்து போகிறாள். இதற்குமேல் ஒரு கேம் என்ன செய்ய வேண்டும்?

“இன்னொன்று: பாதி வழியில் நிறுத்திவைத்துவிட்டு நாம் எழுந்து போனாலும், திரும்பி வரும்போது வண்டி அடுத்த நிலையத்தில் பத்திரமாக நிற்கிறது. ஆடுகிறவரை மதிக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

“குறை ஒன்று. வலது மேல்பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் வெள்ளைக் கையுறை விரலை நீட்டி ‘சமிக்ஞை, சரி’ என்கிறார். அதனால் ஆவது ஒன்றுமில்லை, வண்டிதான் தாமதமாகிறது. பயனற்ற பொத்தான். எடுத்திருக்கலாம். பத்துக்கு ஒன்பது.”

கீழே அந்த வரி.

நோட்டில் வந்தவற்றைப் பொறுக்கித் தருகிறேன்:

“நாற்பது மணி நேரம் ஆடினேன். யூசுதானியில் ஏறியது காற்று மட்டும்.”

“என் வண்டி விட்ட இடத்திலேயே நிற்கிறது. ஹிமுரோ-சான் வீட்டு வண்டிக்கு மட்டும் கால் முளைத்ததா?”

“விமர்சகர் கனவு கண்டிருக்கிறார். கனவுக்கு ஒன்பது, கேமுக்கு நாலு.”

“நாலா? அந்தப் பாலத்தின்மேல் விடியும்போது ஓட்டிப் பார்த்தீர்களா? நாலு போட்ட கை விளங்குமா?”

“பொய்யாகவே இருக்கட்டும். அவளுக்காக நான் யூசுதானியில் ஒவ்வொரு முறையும் வண்டியை மெதுவாக்குகிறேன். மெதுவாக்கியதால் அங்கே ஒரு பிளம் மரம் இருப்பது தெரிந்தது.”

அதற்குக் கீழே வேறொரு கை: “மரத்துக்கு எத்தனை மார்க்?”

5.

பெண் ஏறினாளா என்று கேட்ட குரலுக்கு வாய் கிடைத்தது: எகுசா. கடைக்கு எதிரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளை பாக்குறியா என்ற குரல் தமாகியினுடையது, மூலையில் இருக்கும் பூக்கடைக்காரி. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அன்று தொடங்கிய சண்டைக்கு இன்னும் மணி அடிக்கவில்லை.

எகுசாவை நான் முதலில் வில்லனாக எழுதினேன். கண்ணாடிக்கு மேலே பார்க்கவைத்தேன். பத்திரிகைக்கு அவர் போட்ட கடிதத்தில் விஷம் தடவினேன். “அந்தப் பெண் இருப்பதை நிரூபியுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்” என்று அவர் எழுதியது நிஜம். ஆசிரியர் ஹிமுரோவை அழைத்து, மார்ச் இதழில் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரி போய்விடும் என்று சொன்னதும் நிஜம். ஆக, வில்லனுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருந்தது. பிறகு ஒரு காலையில் இதைக் கேட்டுத் தொலைத்தேன்:

“நீ ஏண்டா இப்படி அலையுற? கேமு பிடிக்கலன்னா தூக்கிப் போடு.”

“பிடிக்கலன்னு யார் சொன்னா?”

“பின்ன?”

“பதினோரு ஞாயித்துக்கிழமை, தமாகி. வாரத்துல எனக்கு இருக்கிறதே அந்த ஒரு நாள். பதினோரு தடவையும் குளிர்காலத்தோட கடைசி நாள்வரைக்கும் ஓட்டி யூசுதானியில நிறுத்திப் பாத்தேன். கதவைத் திறந்து வெச்சுட்டுக் காத்திருந்தேன். வரல.”

“அதுக்கு?”

“பொய்னா பொய்னு சொல்லட்டும். நான் எங்கயோ தப்பா ஓட்டினதால அவ வரலியா, இல்ல அவளே கிடையாதா? ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

தமாகி தன் தட்டிலிருந்த முட்டையை அவர் தட்டுக்குத் தள்ளினாள். இனி நான் எப்படி விஷம் தடவுவது? துடைத்துவிட்டேன்.

6.

ஹிமுரோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருக்கு அவள் வந்தாள். பழம் வைத்தாள். அவர் கண்ணால் பார்த்தார். நிரூபிக்க ஒரே வழி, புதிதாக, முதலிலிருந்து ஆடிக் காட்டுவது. ஆடினார். இரண்டு நாள் ஆபீசுக்கு லீவு போட்டு, கடைசி நாள் வரைக்கும். யூசுதானியில் நின்றார்.

“வந்தாளா?” என்று மறுநாள் தமாகி கேட்டாள்.

“பிளம் மரம் இருந்துச்சு.”

“பழைய ஆட்டம் இருக்குமே, அதைக் காட்டுங்களேன்.”

“காட்டினேன். எகுசா-சான் வீட்டுக்கு வந்து பாத்தார். பலகைமேல பழம் இருக்கு. ‘பழம் இருக்கு, வந்த வழி எங்க?’ங்குறார். சரியாத்தான் கேக்குறார். எனக்கே தெரியல வந்த வழி.”

“வண்டி தானா நகருறது?”

“இந்தத் தடவை நகரல.” காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்கே என்மேல சந்தேகமா இருக்கு, தமாகி-சான். எதையோ பாத்து எதையோ எழுதிட்டேனோன்னு. அப்படின்னா இந்தப் பதினோரு வருஷத்துல இன்னும் எத்தனை?”

[இங்கே அவர் கண் கலங்கியதாக ஒரு வரி எழுதி எடுத்துவிட்டேன். கலங்கவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவினார். ஓரம்வரை, ஒரே சீராக. கலங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.]

7.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி நோட்டில் புதிதாக ஒன்று. பெயர் இல்லை. கட்டம் போட்டதுபோல நிமிர்ந்த கையெழுத்து.

“விமர்சகர் பொய் சொல்லவில்லை. யூசுதானியில் பெண் உண்டு. 14:32க்கு ஏறுவார். வரவில்லையென்றால் ஓட்டுநர் சமிக்ஞையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். எல்லாச் சமிக்ஞைக்கும், எல்லா நாளும், விரல் நீட்டி, வாய்விட்டு. இது விதி.”

எகுசா மூன்று தடவை படித்தார். “விரல் நீட்டியா? அந்த உருப்படாத பொத்தானா?”

“உனக்குத்தான் எல்லாம் உருப்படாது. அழுத்திப் பாரேன்” என்றாள் தமாகி.

ஹிமுரோ ஒரு தடவைதான் படித்தார். நோட்டை மூடினார். காப்பியை முடிக்காமல் எழுந்து போனார். அவர் காப்பி மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கையெழுத்து அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தினம் ஒட்டப்படுகிற கையெழுத்து. “பால் வாங்கவும். 2. இன்று 17:00க்குள்.”

8.

இந்தப் பகுதியை நான் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்து மேசைதான் உண்டு, பக்கத்து வீடு கிடையாது. ஹிமுரோ தமாகியிடம் சொன்னதில் பாதி, நிஷிவாகி பிறகு எனக்குச் சொன்னதில் பாதி, ஒட்டுப்போட்டது நான். ஒட்டு தெரிந்தால் மன்னிக்கவும்.

நிஷிவாகிக்கு வயது எழுபத்தொன்று. மலைப்பக்கம் ஒரு கிளைப் பாதையில் முப்பத்தொன்பது வருஷம் ஒற்றைப் பெட்டி ரயில் ஓட்டியவர். நிஜ ரயில். அங்கே ஓட்டுநர்கள் ஒவ்வொரு சமிக்ஞையையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் கடக்க வேண்டும். மாமனாரையும் இங்கே அப்பா என்றுதான் கூப்பிடுவது.

“அப்பா, நோட்டுல இருக்கறது உங்க கையெழுத்து.”

“எந்த நோட்டு?”

“14:32ன்னு போட்டிருக்கீங்க. ஒரு பொண்ணு வர்ற நேரத்தை வேற யாரு இப்படி எழுதுவாங்க?”

“வந்தா 14:32க்குத்தான் வருவா, கால அட்டவணை அப்படி. ‘ரெண்டரை வாக்குல’ன்னு எழுத அது என்ன கல்யாணப் பந்தியா?”

“நீங்க என் கேமை ஆடினீங்களா?”

“ஆடல.”

“அப்பா.”

“ஆடலன்னா ஆடல. ஓட்டினேன்.”

ஹிமுரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். (இந்த நாற்காலி இருவர் சொன்னதிலும் இருந்தது. ஆகவே உறுதி.)

“நீ பாட்டுக்கு மத்தியானம் ஆபீசுக்குக் கிளம்புற. ரெண்டு நிலையத்துக்கு நடுவுல, மலைச்சரிவுல, வண்டியை அப்படியே நிறுத்தி வெச்சுட்டு. உள்ள ஒன்பது பேரு. ஒருத்தி கையில கொழந்தை. திரையில அப்படியே நிக்குறாங்க. நான் எதிர்ல டீ குடிக்க உக்காந்தவன். எப்படிக் குடிக்கிறது, சொல்லு.”

“அவங்க நெஜப் பயணிங்க இல்லப்பா.”

“அது எனக்குத் தெரியாதா? நான் என்ன கிறுக்கனா? நெஜமில்லதான். ஆனா நிக்குறாங்கல்ல?”

“சரி, அதனால?”

“அடுத்த நிலையத்துல கொண்டு சேத்தேன். அங்க நாலு பேரு காத்திருந்தாங்க. பாத்துட்டு ஏத்தாம வர முடியுமா? ஏத்தினேன். ஏத்தினவங்களை எறக்க வேணாமா? கடைசிவரைக்கும் போய்த் திரும்பி வந்து, நீ விட்ட எடத்துக்கு அடுத்த நிலையத்துல நிப்பாட்டி வெச்சேன். உனக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுல்ல.”

“எத்தனை நாள்?”

“நீ ஆபீஸ் போன நாளெல்லாம்.”

“உள்ள தேதி மாறியிருக்குமே. நான் கவனிக்கலியே.”

“நீ கல்யாண நாளையே கவனிக்காத ஆளு. சயோகோ சொல்லியிருக்கா.”

ஹிமுரோ தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “ஒவ்வொரு சமிக்ஞைக்கும் அந்தப் பொத்தானை அழுத்தினீங்களா?”

“எது?”

“விரல் நீட்டுற பொத்தான். வலது மேல.”

“அதை அழுத்தாம எப்படிப் போறது?” நிஷிவாகி தன் கையைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் இருந்த கை. தானாகவே சுட்டுவிரல் நீண்டிருந்தது. “பயனத்த பொத்தான்னு எழுதியிருந்தியே. படிச்சேன்.”

“நீங்க என் பக்கத்தைப் படிக்கிறீங்களா?”

“எல்லா மாசமும். அந்த மாசம் மட்டும் மத்தியானச் சோறு எறங்கல.”

“ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?”

“ஒன்பது போட்டிருந்த. போன அந்த ஒண்ணு யாரால போச்சுன்னு நான் போய் எப்படிச் சொல்றது?”

ஒட்டு இத்தோடு முடிகிறது. பிறகு அவர்கள் தேநீர் குடித்தார்கள் என்று ஒருவரும், பீர் குடித்தார்கள் என்று மற்றவரும் சொன்னார்கள்.

9.

இப்போது நிலவரம் என்ன? பெண் உண்டு. விமர்சகர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த காட்சி அவர் ஓட்டிக் கிடைத்ததல்ல. எதற்காக ஒரு மார்க் குறைத்தாரோ அந்தப் பொத்தான்தான் எதற்காக ஒன்பது கொடுத்தாரோ அந்தப் பெண்ணைக் கூட்டிவந்திருக்கிறது. (எல்லா நாளும் என்பது நிஷிவாகியின் விதி; பாதி நாள் அழுத்தினாலே கேமுக்குப் போதும் போலிருக்கிறது.) ‘தனியாக’ என்று அச்சடித்தது, தெரியாமலே, பொய்.

வாய்திறக்காமல் இருந்தால் வரி பிழைக்கும். நோட்டில் பார்த்து அழுத்தியவர்களுக்கெல்லாம் பெண் வரத் தொடங்கிவிட்டாள், தமாகிக்கு வந்துவிட்டாள், ஹிமுரோதான் சரி என்று ஆகிவிட்டது. உண்மையை எழுதினால் வரி போகும், பழைய நூற்றுச்சொச்சம் விமர்சனங்களையும் ஆட்கள் சந்தேகத்தோடு புரட்டுவார்கள். “தன் வீட்டுச் சோபாவில் யார் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்றே தெரியாதவர் நமக்கு மார்க் போடுகிறாராம்!” நோட்டில் எழுதப்போகிற கையெழுத்துகூட எனக்குத் தெரிகிறது.

நான் போட்டுப் பார்த்த முடிவுகள்:

(அ) ஹிமுரோ வாய்திறக்கவில்லை. எல்லோரும் மன்னிப்புக் கேட்கிறார்கள். மாமனாரும் மருமகனும் ரகசியத்தோடு வாழ்கிறார்கள். — எழுதிப் பார்த்தேன். இருவரும் ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். கிழித்துவிட்டேன்.

(ஆ) ஹிமுரோ எல்லாவற்றையும் எழுதிவிட்டு, வேலையை விட்டு, மலைப்பக்கம் போய்— இல்லை. இது என் ஆசை. எனக்கு மலை பிடிக்கும்.

(இ) நிஷிவாகி இறந்துபோகிறார், எல்லோரும் திருந்துகிறார்கள். இப்படி முடித்தால் வாசகர் அழுவார் என்று பழக்கதோஷத்தில் கை போனது. அவர் நேற்றுகூட என் மேசைக்கு வந்து உப்பு வாங்கிக்கொண்டு போனார். முகத்தைப் பார்த்து எப்படிக் கொல்வது?

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். நடந்தது நான் பார்த்த இடம்வரை.

10.

பிப்ரவரி இருபதாம் தேதி காலை. ஹிமுரோ மார்ச் பக்கத்தின் அச்சுப்படியோடு கடைக்கு வந்தார். பன்னிரண்டு மணிக்குள் ஆசிரியருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சன்னல் மேசையில், டிராமைப் பார்த்தபடி, நிஷிவாகி. எதிர்மேசையில் எகுசாவும் தமாகியும். என் மேசையில் நானும் முட்டையும்.

ஹிமுரோ நேரே எகுசாவிடம் போய்த் தாளை நீட்டினார். “அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க படிங்க.”

எகுசா படித்தார். தமாகி அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள், வாய்விட்டு; அதனால் எனக்கும் கிடைத்தது. எல்லாம் இருந்தது. நிறுத்திவைத்த வண்டி, ஒன்பது பயணிகள், ‘என் வீட்டில் ஒருவர்’. பெயர் இல்லை, பெயர் வேண்டாம் என்று நிஷிவாகி சொல்லிவிட்டாராம், பழைய சகாக்கள் பொம்மை ரயில் என்று கேலிசெய்வார்களாம். பிறகு:

“பயனற்ற பொத்தான் என்று எழுதினேன். அழுத்தியும் ஒன்றும் நடக்காத ஒரு காரியத்தை ஒரு மனிதர் நாள்தோறும் செய்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குறைத்த மார்க்கைத் திருப்பித் தருகிறேன். பத்துக்குப் பத்து.”

“பத்தா?” என்றாள் தமாகி. “அது கொஞ்சம் ஜாஸ்தி. அந்தச் சுரங்கப்பாதை இசை கர்ணகடூரம்.”

“நாலு போட்டவங்களை நீதானே சபிச்ச?” என்றார் எகுசா.

“நாலும் தப்பு, பத்தும் தப்பு. எட்டரை.”

“எட்டரையா? யூசுதானியில நின்னவளுக்கு அரையா?”

அப்படிச் சொன்னதும் அவரே நிறுத்திக்கொண்டார். தமாகி விடவில்லை. “அடப்பாவி. உனக்கும் வந்துட்டாளா?”

எகுசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போன ஞாயிறு.”

“சொல்லவே இல்ல?”

“14:32. கதவு தொறந்துச்சு. ஏறினா. பழம் வெச்சா.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “ஒரு வாரமா கடையில மருந்து எடுக்கிறப்பல்லாம் என் விரல் தானா நீளுது. ‘பேரு, சரி. அளவு, சரி.’ நேத்து ஒரு அம்மா பயந்துட்டாங்க.”

சன்னல் மேசையிலிருந்து நிஷிவாகி, திரும்பாமலே சொன்னார்: “வாய்விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா சேராது.”

“வாய்விட்டுத்தாங்க சொல்றேன்” என்றார் எகுசா. பிறகு நிஷிவாகியின் முதுகைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி முதுகைப் பார்த்தார்.  உட்கார்ந்தபடியே தலையை நன்றாகக் குனிந்தார். முதுகுக்கு அது தெரிந்ததா என்று தெரியாது.

ஹிமுரோ பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். “கடைசி வரியைப் பாருங்க.”

கடைசி வரி இருந்தது. *நான், தனியாக, முதலிலிருந்து முடிவுவரை ஆடினேன்.*

“இதை என்ன செய்யுறதுன்னு ஒரு வாரமா யோசிக்கிறேன். இந்த கேமுக்கு இது பொய். அதனால எடுக்கணும். ஆனா ஒருதரம் எடுத்தா அப்புறம் எந்த மாசமும் போட முடியாது. எனக்கே வாய் வராது. ‘தனியாக’வை மட்டும் அடிச்சா, ‘முதலிலிருந்து முடிவுவரை’யும் நிக்காது, பாதி நான் ஓட்டல. ஆசிரியர் உங்க இஷ்டம்னுட்டார். இந்த வரியைப் பத்திக் கேட்டவர் நீங்க. எடுக்கச் சொன்னவரும் நீங்க. நீங்களே திருத்துங்க. எப்படித் திருத்தினாலும் அப்படியே அனுப்புறேன்.”

“நானா? நான் மருந்துக்கடைக்காரன்.”

“என் வாசகர்.”

“அதுக்காக? ஹிமுரோ-சான், கடுதாசி போடுறது வேற, இது வேற.”

“ஏன்டா, பதினோரு ஞாயிறு கதவைத் தொறந்து வெச்சவன் நீ” என்றாள் தமாகி. “ஒரு வார்த்தைக்கு நடுங்குறியே.”

“அப்ப நீ அடி.”

“நான் அடிச்சா முழுசா அடிச்சுடுவேன். தனியா யாருதான் என்ன செஞ்சுட்டாங்க? நான் கட்டுற பூச்செண்டைக்கூட எவனோ ஒருத்தன் விடியக்காலை அறுத்துக் கொடுத்தாத்தான் கட்டுறேன்.”

“அப்படிப் பாத்தா உலகத்துல ஒருத்தனும் எதுலயும் கையெழுத்துப் போட முடியாது.”

“போட வேணாம்னுதான் சொல்றேன்.”

“யாராவது பொறுப்பேத்துக்கணும்ல? இவர் பேரைப் போட்டாருன்னுதானே நான் இவரைப் பிடிச்சுத் திட்டினேன்? பேரே இல்லாட்டி யாரைத் திட்டுறது?”

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அவள் சொன்னதும்தான். எகுசா பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். முனையை ‘தனியாக’வுக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே வைத்திருந்தார்.



“பேனாவைத் தொறந்தே வெச்சா காஞ்சிடும், எகுசா-சான்” என்றார் நிஷிவாகி.

11.

இங்கேதான் நான் எழுந்தேன். என் டிராம் 11:42க்கு. இந்த ஊரில் அது 11:43க்கு வராது.

“முடிவைப் பார்க்காமல் எந்த எழுத்தாளராவது எழுந்து போவாரா?” என்று கேட்பீர்கள். போகலாம். இதுவரை நான் எழுதிய கதைகளுக்கெல்லாம் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. தனியாக எழுதியதுபோல. பக்கத்து மேசைக்காரர்கள், முட்டை அவிப்பவர், உப்பு வாங்க வந்தவர் யாருடைய பெயரும் இல்லை. நான் இல்லாதபோது என் வண்டியை அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் எத்தனை பேரோ. நானும் கவனித்ததில்லை. தேதி பார்க்கிற பழக்கம் எனக்கும் கிடையாது. ஆகவே எகுசாவின் பேனாமுனை எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

டிராமில் முன்னால் உட்கார்ந்தேன். பையில் ஓர் ஆரஞ்சுப் பழம் இருந்தது. இறங்கும்போது ஓட்டுநர் பலகைமேல் வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வைக்கவில்லை. அது வேறொருத்தியின் காட்சி. உரித்துத் தின்றேன். இனிப்பு.

ஓட்டுநர் சின்ன வயது. யாரும் பார்க்கவில்லை, எதிரில் வண்டியும் இல்லை, வெயிலில் காலித் தண்டவாளம் மட்டும். வெள்ளைக் கையுறை விரலை நீட்டினார். “சமிக்ஞை, சரி” என்றார், வாய்விட்டு. டிராம் கிளம்பியது.

மார்ச் இதழ் வந்துவிட்டது. சுவரில் குத்தியிருக்கிறார்கள். கடைசி வரியை நான் பார்த்துவிட்டேன். நோட்டில் அதைப் பற்றி ஆறு பக்கத்துக்குச் சண்டை. எடுத்திருக்கக் கூடாது என்றும், விட்டிருக்கக் கூடாது என்றும், இடையில் யாரோ பிளம் மரத்துக்கு ஏழு போட்டும் இருக்கிறார்கள். நிமிர்ந்த கையெழுத்தும் ஒன்று உண்டு. இந்தத் தடவை கீழே பெயர் போட்டிருக்கிறது.

ஆனால் எகுசா செய்ததை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எகுசா சரியா தப்பா என்று பேசுவீர்களே ஒழிய, உங்கள் கையில் பேனா இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசிக்கமாட்டீர்கள். இந்தாருங்கள், மூடி திறந்துதான் இருக்கிறது. வரியைக் கடைசிச் சொல் இல்லாமல் விட்டுவைக்கிறேன். ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அடிப்பதாக இருந்தாலும் விடுவதாக இருந்தாலும் கையெழுத்தில் செய்யுங்கள்.

*நான், தனியாக, முதலிலிருந்து முடிவுவரை*